குந்துகாலுக்கும் கமுதிக்கும் நடுவே 108 நாள்

பாம்பன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்ததும், ராமேஸ்வரம் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் குந்துகால். எதிரே குருசடைத் தீவு. கரையில் படகுகள், கருவாட்டு வாடை, ஒரு நினைவு இல்லம். வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. 22 தீர்த்தம் ஆடி, தனுஷ்கோடி பார்த்து, பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தில் படம் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு சங்கு வாங்கிக் கிளம்பவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும்.

1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து கடல் வழியாக வந்த விவேகானந்தர் இந்தக் கரையில்தான் இறங்கினார். சிகாகோவில் பேசிப் புகழ்பெற்று, சில ஆண்டுகள் மேல்நாடுகளில் இருந்துவிட்டுத் திரும்பும் பயணம். கரையில் காத்திருந்தவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. அப்போது அவருக்கு வயது 28. சிகாகோவுக்குப் போங்கள் என்று விவேகானந்தரைத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஊர்க்காரர்களோடு மன்னரும் கை கொடுத்து வண்டியை இழுத்தார் என்பது இன்றும் இந்தக் கரையில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி.

மறுநாள் ராமநாதசுவாமி கோயிலில் விவேகானந்தர் ஆங்கிலத்தில் பேச, தமிழில் மாற்றிச் சொன்னார்கள். பொருள், உண்மையான வழிபாடு எது என்பது. காசிக்கு நிகரான தலத்தில், சேதுபதிகள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பிராகாரத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னதன் சாரம் இது: ஏழையிடமும் நோயாளியிடமும் நலிந்தவனிடமும் சிவனைக் காண்பவனே சிவனை வழிபடுகிறான். சிலையில் மட்டும் காண்பவன் இன்னும் தொடக்கப் பாடத்தில் இருக்கிறான். ஒரு தோட்டத்துக்கு இரண்டு தோட்டக்காரர்கள் என்று ஒரு கதையும் சொன்னார். ஒருவன் முதலாளி வரும்போதெல்லாம் கைகூப்பி அவர் முக அழகைப் பாடுகிறவன், வேலை மட்டும் செய்வதில்லை. மற்றவன் அதிகம் பேசுவதில்லை, காயும் கனியும் விளைவித்துத் தூரத்திலிருந்து சுமந்து வந்து கொடுக்கிறான். முதலாளிக்கு யாரைப் பிடிக்கும்?

இன்றைக்கு ‘முற்போக்கு இறையியல்’ என்று கருத்தரங்கம் போட்டுப் பேசுகிற விஷயம் ஏறக்குறைய முழுவதும் இந்தப் பேச்சில் இருக்கிறது. தென் அமெரிக்காவில் குஸ்தாவோ குத்தியேரஸ் விடுதலை இறையியல் நூலை வெளியிட்டது 1971இல். ராமேஸ்வரம் பேச்சு அதற்கு 74 ஆண்டுகள் முந்தியது. இதைச் சொல்லி மார்தட்டிக்கொண்டால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பேச்சு நடந்த அதே ஆண்டு மே மாதத்தில் கமுதியில் ஒன்று நடந்தது.

கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயில் சேதுபதி சமஸ்தானத்தின் பொறுப்பில் இருந்தது. நாடார்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. 1897 மே 14 அன்று நாடார்கள் சிலர் கோயிலுக்குள் சென்று சாமிக்கு மாலை சாத்தித் தாங்களே வழிபட்டார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்றும், அவர்களுக்கு உள்ளே வரும் உரிமை இல்லை என்று அறிவிக்க வேண்டும் என்றும், சுத்திச் சடங்குக்குச் செலவு தர வேண்டும் என்றும் வழக்குப் போடப்பட்டது. போட்டவர் கோயிலின் பரம்பரை அறங்காவலர். குந்துகாலில் வண்டி இழுத்த அதே பாஸ்கர சேதுபதி.

ஜனவரி 26க்கும் மே 14க்கும் இடையில் எத்தனை நாள் என்று நாட்காட்டியை வைத்து எண்ணினேன். சரியாக 108. யாரும் திட்டமிட்டதல்ல. ஆனாலும் அர்ச்சனைக் கணக்குப் போல வந்து நிற்கிறது.

பாஸ்கர சேதுபதியைக் கபடக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழைகளிடம் சிவனைக் காண் என்ற பேச்சைக் கேட்டு அவர் நெகிழ்ந்தது நிஜம். மறுநாளே ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார் என்று விவேகானந்தரின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. சோறு போடுவதில் அவருக்குத் தயக்கமில்லை. வாசலைத் திறப்பது வேறு சங்கதி. ஏழை கைநீட்டி நிற்கும்போது அவனிடம் சிவன் தெரிகிறார். அவனே மாலையோடு படியேறி வரும்போது தெரிவது தீட்டு. முற்போக்கு இறையியல் என்று எங்கே பேச்சு வந்தாலும் அது இடறி விழும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அருள் செய்யும் கையை நீட்டுவதில் சிக்கல் இல்லை, அடைத்த கதவின் சாவியைத் தருவதில்தான் சிக்கல்.

வழக்கு 1899இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அதே ஆண்டில் சிவகாசிக் கலவரம். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அங்கும் தோல்வி. அதற்குள் பாஸ்கர சேதுபதி 35 வயதில் இறந்து, வழக்கு அவர் மகன் பெயரில் நடந்துகொண்டிருந்தது. இந்த வழக்கில் நாடார்கள் ‘கடவுள் முன் எல்லோரும் சமம்’ என்று வாதாடவில்லை. நாங்கள் ஆண்ட பரம்பரை, சத்திரிய வம்சம், ஆகவே எங்களுக்கு உரிமை உண்டு என்று வாதாடினார்கள். எதிர்த்தரப்பு, பனையேறுவது உங்கள் குலத்தொழில், ஆகமப்படி அனுமதியில்லை என்றது. நீதிமன்றம் வழக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. படிக்கட்டை இடிப்பதல்ல, படிக்கட்டில் நம் இடம் எது என்பதே அன்று வழக்கு. அதைக் குறையாகச் சொல்வது எளிது. சமத்துவம் என்ற சொல்லை எந்தச் சட்டமும் ஏற்காத காலத்தில் அவர்கள் வேறு எந்த மொழியில் பேசியிருக்க முடியும்?

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் ஊர்களில் சொந்தக் கோயில்களும், மகமைப் பணத்தில் பள்ளிக்கூடங்களும் எழுப்பினார்கள். 1910இல் நாடார் மகாஜன சங்கம் வந்தது. உன் கோயில் உனக்கு என்பதும் ஒரு பதில்தான்.

*

‘இறையியல்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். தமிழில் இதை அதிகம் புழங்குகிறவர்கள் கிறிஸ்தவர்கள். சைவர்கள் சித்தாந்தம் என்பார்கள். முஸ்லிம் மதரசாக்களில் இந்தப் படிப்புக்குப் பெயர் ‘இல்முல் கலாம்’. கலாம் என்றால் பேச்சு. ராமேஸ்வரத்தின் மிகப் பிரபலமான பெயரிலேயே இறையியல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராவது பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

அந்தக் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்லும் இரண்டு சம்பவங்கள் பலருக்கும் தெரிந்தவை. பள்ளியில் கோயில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகளின் மகனோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறுவனை, புதிதாக வந்த ஆசிரியர் தொப்பியைப் பார்த்துப் பின்வரிசைக்கு அனுப்பினார். சாஸ்திரிகள் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் மனத்தில் நஞ்சைக் கலக்காதே, மன்னிப்புக் கேள், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ என்றார். இது மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. இரண்டாவது சம்பவம்தான் எனக்கு முக்கியம். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கலாமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆசாரமான வீடு. அவர் மனைவி தன் அடுக்களையில் முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மறுத்தார். ஐயர் கோபப்படவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தானே பரிமாறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது, அடுத்த வாரமும் வா என்றார். அடுத்த வாரம் அந்த அம்மாளே பையனை அடுக்களைக்குள் அழைத்துப் போய்ப் பரிமாறினார்.

ஒரு வாரத்தில் அந்த அம்மாளின் மனத்துக்குள் என்ன நடந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இந்தக் கடற்கரையின் மிக நுட்பமான இறையியல் விவாதம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சாப்பாடு இங்கே வெறும் சாப்பாடல்ல; யார் யாரோடு பழகலாம் என்ற கணக்கும் அதில் உண்டு. அந்தக் கணக்கு மதம் மாறியவர்களையும் விடவில்லை. திருவாடானைப் பக்கம் ஓரியூருக்குப் போனால், 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட போர்ச்சுகீசியக் குரு ஜான் டி பிரிட்டோவின் திருத்தலம் இருக்கிறது. அவரை இங்கே அருளானந்தர் என்றால்தான் தெரியும். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பும் மண்ணை, எல்லாச் சாதியாரும் எடுத்துப் போகிறார்கள். அன்றைய ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண்ணை மணந்திருந்த தடியத்தேவன் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதே அந்தக் கொலைக்கு வழிவிட்டது. விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் கதையை எந்தத் திருத்தலமும் சொல்வதில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

மதுரையில் இயேசு சபைக் குரு ராபர்ட் டி நோபிலி பிராமண சந்நியாசி கோலத்தில் இருந்தார். அந்தக் கோலத்தில் இருப்பவர் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு பழக முடியாது. அதற்காகவே 1640 வாக்கில் பண்டாரச்சாமி என்று இன்னொரு கோலத்தை இயேசு சபையார் உண்டாக்கினார்கள். காவி, புலால் இல்லாத ஒருவேளை உணவு, ஆனால் இரு தரப்பாரோடும் பேசலாம். டி பிரிட்டோ பண்டாரச்சாமியாக வந்தவர். சாதிச் சுவரில் ஒரு திட்டிவாசல் என்று இதைச் சொல்லலாம். சுவரை அவர்கள் தொடவில்லை. தொடாமல் விட்ட சுவர் பிற்பாடு தேவாலயத்துக்குள்ளேயே எழுந்தது. நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கூடங்கள் வைத்தே கோயில் கட்டினார்கள். ராமநாதபுரம் சமவெளிக் கிராமமொன்றில் 1980களில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2012இல் வெளியிட்ட நூலைப் படித்தால், ஞானஸ்நானத்துக்குப் பின்னும் திருவிழா மரியாதை முதலில் யாருக்கு என்ற வழக்கு எத்தனை தலைமுறை ஓடியிருக்கிறது என்று தெரியும்.

*

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது, மதுரை–ராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், 37 வயது ஆங்கிலேயர். பிற்காலத்தில் உலக இறையியல் வட்டாரத்தில் பெரிய பெயர். அவரை முற்போக்கு அணியில் சேர்க்க முடியாது. இங்கே அவர் வருவது எதிர்க்கேள்வி போடுவதற்காக.

காஞ்சிபுரத்தில் இருந்த காலத்தில் ராமகிருஷ்ண மடத்துச் சாமியார்களோடு உட்கார்ந்து உபநிடதமும் யோவான் நற்செய்தியும் சேர்ந்து படித்தவர் அவர். மடத்துக் கூடத்தில் மகான்களின் படங்களோடு இயேசுவின் படமும் மாட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடும் நடந்தது. விவேகானந்தர் வழியில் வந்தவர்களின் தாராளம் என்றுதான் நாம் பாராட்டுவோம். நியூபிகினுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. இயேசுவை மறுக்கவில்லை, சத்தமில்லாமல் தங்கள் சட்டகத்துக்குள் அடக்கிக்கொண்டார்கள் என்று நினைத்தார். பிறகு அதே கண்ணால் தன் நாட்டைப் பார்த்து, மேற்கத்திய நாகரிகமும் இயேசுவை இப்படித்தான் தனக்கு வசதியான படமாக மாட்டிவைத்திருக்கிறது என்று எழுதினார். எல்லா மதமும் ஒன்றே என்று மேடையில் சொல்லும் எவரும் இந்தக் குத்தலை ஒருமுறை வாங்கிக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிற மனம் எதனாலும் மாறாமலே இருந்துவிடவும் முடியும்.

அந்தத் திருமண்டலத்து மண்ணில், மதுரை அரசரடியில் 1969இல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியது. போதகராகப் படிக்க வந்த பிள்ளைகளைச் சேரிக்கும் வேலைத்தளத்துக்கும் அனுப்பிய இடம். 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் பேசிய பேச்சிலிருந்து தலித் இறையியல் தனித் துறையாக வளர்ந்தபோது, தமிழில் அதற்குக் குரல் கொடுத்தவர் இந்தக் கல்லூரியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கு அவர் ‘பரட்டை அண்ணன்’. கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனைகளே ஆராதனைக்குத் தகுந்தவை என்றிருந்த சபைகளில் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தார். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிய கருவி பீடத்துக்கு முன்னால் ஒலித்ததை முதலில் எத்தனை பேர் பொறுத்திருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் இறையியலின் நடுவில் இருந்த சொல் ‘ஒரு உலை’. பங்காளிகள் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடும் குடும்பத்தை மனத்தில் வைத்துத் திருவிருந்தை விளக்கினார். ஒரு துண்டு அப்பமும் ஒரு மிடறு ரசமும் சேர்ந்து எடுப்பது பெரிதல்ல. அவரவர் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து ஒரே பானையில் போட்டுப் பொங்கித் தின்ன முடியுமா? திருவிருந்தில் பக்கத்தில் மண்டியிட்டவர், கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காராத ஊர்களில் இந்தக் கேள்வி எப்படிச் சுட்டிருக்கும்! 2005இல் அவர் இறந்தார். சிவசுப்பிரமணிய ஐயர் ஒரு வாரத்தில் தன் வீட்டில் முடித்ததை ஊர் அளவில் செய்யக் கேட்டவர் என்றுதான் அவரை எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

சைவத்திலும் ஒருவர் உண்டு. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரியும் வரை குன்றக்குடியும் ராமநாதபுரம் மாவட்டம்தான். அங்கே 1952 முதல் 1995 வரை மடத்தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார், காவியும் உருத்திராக்கமுமாகப் பெரியாரோடு ஒரே மேடையில் உட்கார்ந்தவர். கடவுளே இல்லை என்பவரோடு மடாதிபதிக்கு என்ன பேச்சு என்று கேட்டவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். அவர் தமிழில் அர்ச்சனை செய்யச் சொன்னார், கிராமத்துக்கென்று வேலைத்திட்டம் போட்டார். தோட்டக்காரன் கதையை அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

*

தெற்கே ஏர்வாடி. சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா தர்கா. மனம் பேதலித்தவர்களை இங்கே கொண்டுவந்து விடுவது நெடுநாள் வழக்கம். முஸ்லிம்களைவிட மற்றவர்களே அதிகம் என்று தோன்றும் அளவுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள். பாதுஷா கனவில் வந்து உத்தரவு கொடுத்தால் நோய் தீரும், அதுவரை காத்திருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. காத்திருப்பவர்களுக்காகச் சுற்றிலும் தனியார் கொட்டகைகள் முளைத்தன. ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படி ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது, கொட்டகைகள் மூடப்பட்டன, சட்டம் தன் வேலையைப் பார்த்தது. அதன் பிறகு நடந்தது அதிகம் பேசப்படாதது. நம்பிக்கையை ஏளனம் செய்து ஒதுக்காமல், தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கும்படி ‘தவா–துவா’ என்றொரு ஏற்பாடு வந்தது. தவா மருந்து, துவா வேண்டுதல். எந்த நோய்க்கும் மருந்து உண்டு என்ற கருத்து ஹதீஸ்களிலேயே இருப்பதால் மார்க்கத்தில் இதற்குத் தடையில்லை. இதற்கு இங்கேயே ஒரு முன்மாதிரி உண்டு: கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டில் அரபுத் தமிழில் மார்க்கச் சட்டத்தை எழுதியது, அரபு தெரியாதவரும் படித்துத் தாமே புரிந்துகொள்ளத்தான். பழையதைக் கிழித்துப் போடாமல் பழையதன் உள்ளிருந்தே ஒரு சன்னல் திறப்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. ஆனால் 28 உயிர் போன பிறகுதான் சன்னல் திறந்தது என்பதை எந்த அழகான சொல்லாலும் மறைக்க முடியாது.

*

கமுதிக்குத் திரும்பலாம். அங்கே நாடார்கள் மாலையோடு நுழைந்து 42 ஆண்டுகள் கழித்து, 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு சிறு குழு நுழைந்தது. கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஐவரோடு, சண்முக நாடார் என்ற ஒருவரும் அதில் இருந்தார். எதிர்ப்பவர்கள் கலகம் செய்யாதபடி துணை நின்றவர் முத்துராமலிங்கத் தேவர். அவருடைய பசும்பொன், கமுதியிலிருந்து கூப்பிடு தூரம். கோயில் நுழைவுச் சட்டம் பிறகு வந்து 1947இல் முழுமையானது. அப்போதும் பழைய கேள்வி தீரவில்லை, உள்ளே சில அடி நகர்ந்து போய் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் கோயிலுக்குள் வரலாம், சரி. கருவறைக்குள்?

பரம்பரை அர்ச்சகர் முறையை 1970இல் தமிழக அரசு நீக்கியது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆகமத்தை மீறக் கூடாது என்றும் சொன்னது. 2006இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை. 200க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி முடித்து வேலையில்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்று அவர்களில் 24 பேருக்கு நியமன ஆணை கிடைத்தது. எதிர்க்கிறவர்கள் சொல்வதையும் கேட்கத்தான் வேண்டும்: ஆகமம் என்பது ஒரு பூஜை முறையின் இலக்கணம், இலக்கணத்தை அரசாணையால் திருத்துவதா என்கிறார்கள். இலக்கணம் பூஜை செய்யும் விதத்தைச் சொல்கிறதா, பிறப்பைச் சொல்கிறதா என்பதுதான் இன்னும் வழக்குமன்றங்களில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டை.

ராமேஸ்வரத்தில் இது இன்னும் வினோதமானது. சுவாமியைத் தொட்டுப் பூஜை செய்கிறவர்கள் மராட்டியப் பிராமணர்கள், சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்றவர்கள். ஊர்க்காரர்கள் தமிழர்கள், வருகிறவர்களில் பெருங்கூட்டம் வடநாட்டார், கோயிலை வளர்த்தவர்கள் மறவர் குலச் சேதுபதிகள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். அதை முடித்தவர்கள் அக்னி தீர்த்தத்துக்குப் போய்க் கடலில் முழுகிவிட்டு ஈரத்தோடு மறுபடி கோயிலுக்குள் வருகிறார்கள். ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் வாளியோடு ஒருவர் நிற்கிறார். பீகார்க்காரர், மதுரைக்காரர், புதுக்கல்யாணம், மொட்டைத்தலை என்று பார்க்காமல் எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி ஊற்றுகிறார். யார் என்ன குலம் என்று கேட்க அவருக்கு நேரமும் இல்லை. 22 கிணறும் முடிந்து, துணி மாற்றி, வரிசையில் நகர்ந்து சந்நிதிக்கு வந்தால் ஒரு கட்டத்தில் வரிசை நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் தீட்சை பெற்றவர்கள் மட்டும். கமுதியில் வழக்குப் போட்டவரின் குலமும் தோற்றவரின் குலமும் இன்று அந்த இடத்தில் அருகருகே நின்று, கழுத்தை நீட்டி, தீபம் காட்டும் அந்த ஒரு நொடிக்குள் லிங்கத்தைப் பார்த்துவிட முயல்கின்றன.